நூல் கட்டிய டிக்கெட்

சங்கரன்கோவில் பஜாரில் கோமதித்தாய் கூடையோடு வருவதைப் பார்த்தால் காய்கறிக் கடைக்காரர்களுக்கு ஒரு சந்தேகம் வந்துவிடும். வாங்க வருகிறாளா, திருப்பிக் கொடுக்க வருகிறாளா என்று. முக்கால்வாசி நாள் இரண்டும்தான். நேற்று வாங்கிய கத்தரிக்காயில் ஒன்று சொத்தையாக இருந்துவிட்டால் அந்த ஒன்றை மடியில் முடிந்துகொண்டு வந்து தராசுத் தட்டில் வைப்பாள். "இத நீயே வச்சுக்கோ. எனக்கு நல்லதா ஒண்ணு எடுத்துக் குடு" என்பாள். சண்டை கிடையாது, சத்தம் கிடையாது. கிடைக்கிறவரை நகரமாட்டாள், அவ்வளவுதான்.

ஒருமுறை கரிவலம்வந்தநல்லூரில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது பஸ் பாதி வழியில் படுத்துவிட்டது. ஜனங்கள் இறங்கி, விதியே என்று நடக்க ஆரம்பித்தார்கள். கோமதித்தாய் இறங்கவில்லை. டிக்கெட்டை நீட்டிக் காசைக் கேட்டாள். "பாதி தூரம் வந்தாச்சுல்லாம்மா, பாதிக் காசு தாரேன்" என்று கண்டக்டர் நியாயம் பேசினார். "பாதி வழியில எனக்கு என்ன அண்ணாச்சி சோலி? நான் சங்கரன்கோவிலுக்குல்லா டிக்கெட்டு எடுத்தேன்" என்றாள் அவள். முழுக்காசும் வந்தது. அதோடு விட்டாளா? நடந்து போய்க்கொண்டிருந்தவர்களையும் கைதட்டிக் கூப்பிட்டு, பதினாலு பேருக்கும் வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் இறங்கினாள். குடுத்த காசுக்குச் சரக்கு வரணும், இல்லேன்னா காசு வரணும். இதுதான் அவளுடைய சட்டம். தெருவில் இருக்கிற பெண்களுக்கெல்லாம் இதைச் சொல்லிச் சொல்லியே பழக்கி வைத்திருந்தாள்.

அந்தச் சட்டம் ஒருநாள் அவள் வீட்டு வாசலுக்கே வந்து நின்றது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

கோமதித்தாயின் புருஷன் சண்முகையா விசைத்தறிக் கொட்டகையில் தறி ஓட்டுகிறவர். தறிக்கு வேண்டிய நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக் கொடுப்பது அவள் வேலை. வீட்டிலிருந்தே செய்வாள். நூல் அறுந்தால் முடிச்சுப் போடவேண்டும். கோமதித்தாய் இடக்கைக்காரி. சின்ன வயதில் எத்தனையோ அடி வாங்கியும் அந்தக் கை மாறவில்லை. அதனால் ஊரில் எல்லோர் முடிச்சும் ஒரு பக்கம் சாய்ந்தால் அவள் முடிச்சு மறுபக்கம் சாயும். எள்ளுக்குப் பாதிதான் இருக்கும், ஆனால் இழுத்தால் நூல் அறுமே தவிர முடிச்சு அவிழாது.

அவர்களுக்கு ஒரே மகள், தங்கத்தாய். எட்டாம் வகுப்பு. ஊரிலிருந்த ஒரு சின்னப் பெண்கள் பள்ளியில் படித்தாள். கட்டிடம் இருந்தது, டீச்சர்கள் இருந்தார்கள், முந்நூறு பிள்ளைகள் இருந்தார்கள். கக்கூஸ் மட்டும் இல்லை. அதனால் அந்தப் பிள்ளைகள் காலையில் வாய் கொப்பளிப்பதோடு சரி, சாயங்காலம் வீடு வந்து சேரும்வரை ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்கமாட்டார்கள். தங்கத்தாய் சோற்றில் ரசம்கூட ஊற்றிக்கொள்வதில்லை. பள்ளி விட்டதும் உதடு காய்ந்து, ஓடிவந்து, பையைக்கூட இறக்காமல் கொல்லைக்குப் போவாள்.

அந்த வருஷம் தங்கத்தாய் பெரியவளானாள். சண்முகையா ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே பேச்சை எடுத்தார்.

"ஏளா, முழுப்பரீட்ச முடியட்டும். அதோட பிள்ளைய நிறுத்திருவோம். அங்கன ஒதுங்க ஒரு எடமில்ல. வயசுப் பிள்ளைய எப்படி அனுப்புதது?"

"நிறுத்தி?"

"உங்கூட இருந்து தார் சுத்தட்டும்."

"இந்த வீட்டுல தார் சுத்த ஒருத்தி போதும்" என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து போய்விட்டாள். சண்முகையா கெட்ட மனுஷர் இல்லை. வேறு வழி தெரியாமல்தான் சொன்னார். அது தெரிந்ததால்தான் அவளுக்குக் கோபம் வந்தது.

மறுநாளே தலைமையாசிரியை காந்திமதியம்மாளைப் போய்ப் பார்த்தாள். அவர் சலித்துப்போயிருந்தார். எழுதாத மனு இல்லை, பார்க்காத ஆள் இல்லை. கடைசியில் அவர்தான் யோசனை சொன்னார். மதுரையில் ஒரு நாடகக் கம்பெனி இருக்கிறது. சிரிப்பு நாடகம் போடுவார்கள். பள்ளி மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு, பெண்களுக்கு மட்டும் என்று ஒரு ஆட்டம் வைப்போம். டிக்கெட் இரண்டு ரூபாய். வருகிற பணத்தில் கக்கூஸ் கட்டுவோம்.

பள்ளிக் கமிட்டியின் கணக்கைப் பார்க்கிற நெல்லைநாயகம், கோயில் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர். எதிலும் சந்தேகம் கேட்டே பழகியவர். "பொம்பளைக ரெண்டு ரூவா குடுத்து வருவாங்களாம்மா?" என்றார்.

"ஆம்பளைக்குப் பொழுதுபோக்கப் போவ எடமிருக்கு அண்ணாச்சி. பொம்பளைக்கு எங்க இருக்கு? குடுங்க அந்தப் புஸ்தகத்த" என்று டிக்கெட் புத்தகங்களை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள் கோமதித்தாய்.

வீடு வீடாக ஏறினாள். யோசித்தவர்களிடம் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள். "நாடகம் நடக்கலேன்னா ரெண்டு ரூவாயையும் எங்கிட்ட வந்து வாங்கிக்கோ. என்னையப் பத்தித் தெரியும்லா?" தெரியாமல் என்ன? சங்கரன்கோவில் முழுக்கத் தெரியும். அடுத்த தெரு மீரா பீவி ஒரே மூச்சில் ஐந்து டிக்கெட் வாங்கினாள். "நானும் மருமவளுவளும் வாரோம் கோமதி. சிரிச்சு எத்தன காலமாச்சு" என்றாள். இட்லிக்கடை சங்கரம்மாள் சில்லறையாக எண்ணிக் கொடுத்தாள். பத்தே நாளில் இருநூற்றுத் தொண்ணூறு டிக்கெட். நெல்லைநாயகம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி எண்ணினார்.

மழைக்காலம் வந்தால் செங்கல் விலை ஏறும் என்று குருவிகுளம் பாதையில் சூளை வைத்திருந்த மூக்காண்டி சொன்னார். உள்ளதுதான். நாடகக்காரர்களுக்கு முன்பணம் போக மீதிப் பணம் முழுவதும் செங்கலாக வந்து மைதானத்து மூலையில் அடுக்கப்பட்டது. கோமதித்தாய் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நின்று பார்த்துவிட்டுப் போவாள்.

இந்த நேரம் பார்த்துத்தான் கண்வலி வந்தது. எண்பத்தொன்றாம் வருஷம் அது. தேசம் தேசமாகச் சுற்றி வந்த வலி. நாம் அதற்கு மெட்ராஸ் ஐ என்று பேர் வைத்து, பழியைத் தூக்கி மெட்ராஸ் தலையில் போட்டோம். திங்கட்கிழமை பஸ் ஸ்டாண்டில் இரண்டு பேருக்கு இருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் பாதி ஊர் கண்ணைக் கசக்கிக்கொண்டு அலைந்தது. பஜாரில் கறுப்புக் கண்ணாடி ஒன்றுகூட மிச்சமில்லை. உளுந்து நிறுக்கிறவரும் கறுப்புக் கண்ணாடி, அதை வாங்குகிறவரும் கறுப்புக் கண்ணாடி. யார் யாரை முறைக்கிறார்கள் என்று தெரியாததால் ஊரில் சண்டை குறைந்துபோனது.

சுகாதார ஆய்வாளர் பள்ளிக்கு வந்தார். கூட்டம் கூடக்கூடாது, நாடகத்தைத் தள்ளிவையுங்கள் என்று தன்மையாகச் சொன்னார். அவர் சொல்லாவிட்டாலும் நாடகம் நடந்திருக்காது. அன்று மத்தியானமே மதுரையிலிருந்து தந்தி வந்தது. கதாநாயகனுக்கு இரண்டு கண்ணும், கோமாளிக்கு ஒரு கண்ணும் போய்விட்டன. அரிதாரம் துடைக்க எல்லோருக்கும் ஒரே துண்டாம்.

திங்கட்கிழமை காலையில் கோமதித்தாய் கதவைத் திறந்தபோது வாசலில் முப்பது பெண்கள் நின்றார்கள். பாதிப்பேர் கண் கோவைப்பழம். முன்னால் சங்கரம்மாள்.

"நாடகந்தான் இல்லங்காகளே யக்கா. காசு?"

"தள்ளித்தான வச்சிருக்கு. நடக்காமலா போவுது?"

"எந்தத் தேதியிலன்னு கேட்டேன், டீச்சரம்மாவுக்கே தெரியல. டிக்கெட்டுல போட்டிருக்க தேதி நேத்தோட போச்சு. இனி இது பொட்டணம் மடிக்கக்கூட ஆவாது." சங்கரம்மாள் கொஞ்சம் தயங்கினாள். பிறகு சொல்லிவிட்டாள். "நீதானக்கா சொல்லிக் குடுத்த? சரக்கு வரணும், இல்லேன்னா காசு வரணும்னு."

கோமதித்தாய் தன் வாயாலேயே மாட்டிக்கொண்டாள். பஸ்காரனை மடக்கிய வாய் அது. ஆனைக்கும் அடி சறுக்கும் என்பது இதுதான். "வெள்ளிக்கெழம வாங்க. ஒரு பைசா கொறையாமத் தாரேன்" என்றாள். சட்டம் என்றால் எல்லோருக்கும்தானே?

சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? பணமெல்லாம் மைதானத்தில் செங்கலாக நின்றது. நேரே சூளைக்கு நடந்தாள். மூக்காண்டி அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். அவள் கேட்டு முடிப்பதற்குள், "எடுத்துக்கிடுதேன் தாயி. வண்டிக்கூலி மட்டும் கழிச்சுக்கிடுதேன். ஒங்கிட்ட எவன் வழக்குப் பேசுவான்? மத்தியானமே வண்டி அனுப்புதேன்" என்றார். வாழ்க்கையில் இவ்வளவு லேசாக அவளுக்கு எந்தக் காசும் திரும்பி வந்ததில்லை.

வண்டி வருவதற்கு முன்னால் செங்கலை எண்ணி வைப்போம் என்று மைதானத்துக்குப் போனாள். இடைவேளை மணி அடித்தது. பிள்ளைகள் ஓடிவந்து தண்ணீர்ப் பானையைச் சுற்றி நின்றார்கள். நல்ல வெயில். பானைத் தண்ணீரை டம்ளரில் எடுத்து, வாயில் ஊற்றி, கொப்பளித்துத் துப்பினார்கள். ஒருத்தி, இரண்டு பேர், பத்துப்பேர். யாரும் விழுங்கவில்லை. தங்கத்தாயும் வந்தாள். ஒரு வாய் நிறைய ஊற்றி, கண்ணை மூடிக் கொஞ்சநேரம் அப்படியே வைத்திருந்துவிட்டு, அவளும் துப்பினாள்.

வண்டி வந்தது. கோமதித்தாய் செங்கல் அடுக்கின்மேல் உட்கார்ந்திருந்தாள். "அண்ணாச்சிகிட்ட செங்கலு வேணும்னு சொல்லிரு" என்று வண்டிக்காரரிடம் சொன்னாள். திரும்பி வரவேண்டிய காசை அவள் வேண்டாம் என்றது அதுதான் முதல் தடவை.

அன்று சாயங்காலம் பள்ளியில் தலைமையாசிரியை, நெல்லைநாயகம், கோமதித்தாய் மூன்று பேரும் உட்கார்ந்து யோசித்தார்கள். பழைய டிக்கெட்டையே பின்னால் வரும் தேதிக்குச் செல்லும் என்று ஆக்கிக் கொடுத்தால்? புது டிக்கெட் அச்சடிக்கக் காசு இல்லை. பள்ளி முத்திரையைக் குத்த மேலதிகாரி உத்தரவு வேண்டும். "கையெழுத்துப் போட்டுக் குடுப்போமே" என்றார் நெல்லைநாயகம்.

"வாசிக்கத் தெரியாதவளுக்குக் கையெழுத்தும் ஒண்ணுதான், கோழி கிண்டுனதும் ஒண்ணுதான் அண்ணாச்சி" என்றாள் கோமதித்தாய். "நூலு கெட்டிக் குடுக்கேன். டிக்கெட்டுல ஓட்ட போட்டு நான் ஒரு நூலு கெட்டிவிட்டேன்னா, எந்தத் தேதியானாலும் அது செல்லும். என் முடிச்ச வேற எவளும் போட முடியாது."

நல்ல யோசனைதான். அன்றைக்கு வீட்டில் கிடந்தது மஞ்சள் நூல். புடவைக் கரைக்குச் சாயம் போட்டு வந்ததில் கழிந்த துண்டுகள். சும்மா கிடந்த நூல்தானே என்று எடுத்துக்கொண்டாள். அவள் செய்த ஒரே பிசகு அதுதான். அம்மன் கோயில் ஊரில், கண்வலி சமயத்தில், வீடு வீடாகப் போய் மஞ்சள் நூல் கொடுத்தால் ஜனங்கள் அதை என்னவென்று எடுத்துக்கொள்வார்கள் என்று அவள் ஒருநிமிஷம்கூட நினைக்கவில்லை.

இரண்டு நாளில் இருநூற்றுத் தொண்ணூறு முடிச்சுகளும் போட்டுவிட்டாள். ஒவ்வொருத்தியிடமும் ஒரே பேச்சு. "இந்த நூல வச்சிருந்தா நாடகம் என்னைக்கி நடந்தாலும் உள்ள விடுவேன். வேண்டாம், காசுதான் வேணும்ன்னா வெள்ளிக்கெழம வா, தாரேன்." சொன்ன சொல்லுக்காக வியாழக்கிழமை கம்மலைக் கழற்றி அடகு வைத்து, பணத்தைச் சில்லறையாக மாற்றிச் செம்பில் போட்டு வைத்தாள். காது வெறிச்சென்று இருந்தது. சண்முகையா பார்த்தார். வேப்பங்குச்சி ஒன்றைச் சீவிக் கொடுத்தார், காதில் செருக.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் வாசலில் கூட்டம். முப்பது இல்லை, ஐம்பது. கோமதித்தாய் செம்பை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

முதலில் வந்தவள் மீரா பீவி. கையில் பேரனைப் பிடித்திருந்தாள். அவன் மணிக்கட்டில் மஞ்சள் நூல்.

"அஞ்சு டிக்கெட்டுக்குப் பத்து ரூவா" என்று எண்ண ஆரம்பித்தாள் கோமதித்தாய்.

"காசு யாருக்கு வேணும்? இன்னும் ரெண்டு நூலு குடு. செவ்வாக்கெழம இவன் கையில கெட்டுனேன். இன்னைக்கிக் கண்ணு பளிங்கு மாதிரி ஆயிருச்சு. நம்ம தர்காவுல ஓதிக் கெட்டுத மாதிரில்லா கேட்டிருக்கு."

"மதினி, அது தார் நூலு."

"எந்த நூலா இருந்தா என்ன? நீ கெட்டுன."

பின்னால் சங்கரம்மாள் கையை நீட்டினாள். அவள் கையிலும் நூல். அவளுடைய இரண்டு கண்ணும் வெள்ளை வெளேரென்று இருந்தன. "எனக்கும் ஒரு நாலு நூலுக்கா. என் கொழுந்தியா வீட்டுல எல்லாத்துக்கும் வந்திருக்கு. காசு வேண்டாம். நான் திங்கக்கெழம பேசுனத மனசுல வச்சுக்கிடாத."

கோமதித்தாய் எழுந்து நின்று தொண்டை கிழியச் சொன்னாள். அது மருந்து இல்லை, மந்திரம் இல்லை, மூன்றுநான்கு நாளில் தானாகப் போகிற வலி தானாகப் போயிருக்கிறது, என்னை ஆத்தாவாக ஆக்காதீர்கள் என்று. யார் கேட்டார்கள்? "எவ்வளவு அடக்கமாப் பேசுதா பாரு" என்று கூட்டத்தில் ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

காந்திமதியம்மாளைக் கூப்பிட்டு வந்து பேச வைத்தாள். அவர் விஞ்ஞானப் பாடம் எடுத்தவர். கிருமி என்றார், கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும் என்றார், துண்டைத் தனியாக வைக்க வேண்டும் என்றார், நூலுக்கும் கண்ணுக்கும் சம்பந்தமே இல்லை என்றார். பேசும்போது கைக்கடிகாரத்தை மட்டும் ஏனோ இழுத்து இழுத்துவிட்டுக்கொண்டார்.

அன்று சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தும் செம்பிலிருந்து ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. காசு கேட்டு ஒருத்தியும் வரவில்லை. சனிக்கிழமை போய்க் கம்மலை மீட்டுக்கொண்டு வந்தாள். கம்மல் காதில் ஏறியதும்தான் அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்தது நிற்கவில்லை. தனியாக நின்று சிரிக்கிறாளே என்று சண்முகையா பயந்துபோனார்.

புரட்டாசி பாதியில் ஊருக்குக் கண் தெளிந்தது. சுகாதார ஆய்வாளர் ஒரு நிபந்தனையோடு நாடகத்துக்குச் சம்மதித்தார். கண் சிவந்தவர்கள் யாரும் உள்ளே வரக்கூடாது. அதைத் தெருத்தெருவாகச் சொன்னவள் கோமதித்தாய்தான். "கண்ணு செவந்தவ எவளா இருந்தாலும் உள்ள விடமாட்டேன். எங்க மாமியாளே எந்திரிச்சு வந்தாலும் சரி." மாமியார் போய் எட்டு வருஷம் ஆகிறது. ஆனாலும் சொன்னாள், ஒரு உறுதிக்கு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் கண்ணைத் திறக்கப் பார்த்தாள். திறக்கவில்லை. பீளை ஒட்டியிருந்தது. வெந்நீர் வைத்துத் துடைத்துக் கண்ணாடியைப் பார்த்தாள். இரண்டு கண்ணும் மிளகாய்ப்பழம்.

ஊருக்கெல்லாம் போய்விட்டு, கடைசியில், நாடகத்தன்று அவளிடம் வந்திருக்கிறது. கோமதித்தாய் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். ஒருமாதம் அலைந்த அலைச்சல் அப்போதுதான் உடம்பில் தெரிந்தது. "கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு ஓரமா உக்காரும்மா, யாருக்குத் தெரியும்?" என்றாள் தங்கத்தாய். "எனக்குத் தெரியும்லாட்டி" என்றாள் தாய்.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. கண்ணுக்கு நல்லது என்று ஜனங்கள் டிக்கெட்டின் ஓட்டையைக் கிழித்து, கோமதித்தாயின் முடிச்சோடு நூலை உருவி, மீதி நுனிகளைக் கையில் கட்டிக்கொண்டு, தேதி போன டிக்கெட்டை அடுப்பில் போட்டுவிட்டார்கள். பஜாரில் ஒரு கடைக்காரர் வேறு, கண்ணு நூல் என்று சொல்லி மஞ்சள் நூலைப் பத்துப் பைசாவுக்கு விற்று ஊர் முழுக்கப் பரப்பிவிட்டார். இப்போது எது டிக்கெட், எது கடை நூல்? முடிச்சைப் பார்த்தால்தான் தெரியும். பார்க்க வேண்டியவளுக்கோ கண் தெரியவில்லை. யார் கையையும் தொடவும் கூடாது.

சண்முகையா சட்டையை மாட்டினார். "நான் பாக்கேன்."

"பொம்பளைக நாடகம்ங்க அது. நீங்க எப்படி?"

"வாசல்ல உக்காந்து கையைத்தான பாக்கணும்? ஒன் முடிச்சு எடது பக்கமாச் சாயும். பதினாறு வருசமா தறியில நான் பாக்கது ஒன் முடிச்சுதான். எனக்குத் தெரியாமலா?"

பதினாறு வருஷத்தில் அவர் சொன்ன மிக நீளமான காதல் வசனம் இதுதான். கோமதித்தாய்க்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. கண்வலியில் வந்ததென்று அவர் நினைத்துக்கொண்டார்.

மூன்று மணிக்கு முன்பே மைதான வாசலில் பெண்கள் கூட்டம் நெரிந்தது. சண்முகையா ஒரு முக்காலியில் உட்கார்ந்து, தலையை நிமிர்த்தாமல், நீட்டிய கைகளை மட்டும் பார்த்தார். "இது சரி, போம்மா. இது சரி. இது கடை நூலும்மா, அங்கன அண்ணாச்சிகிட்ட ரெண்டு ரூவா குடுத்து டிக்கெட்டு வாங்கிக்கோ." ஒரு முடிச்சுகூடத் தப்பவில்லை. "மொகத்தப் பாக்காமலே அண்ணாச்சி எல்லாத்தையும் மாடு மாதிரி உள்ள பத்திவிடுதாகளே" என்று பெண்கள் கேலி செய்ததில் அவர் காது சிவந்துபோனது. கடை நூல் கட்டியவர்கள் யாரும் சண்டை போடவில்லை, திரும்பிப் போகவும் இல்லை. சிரித்துக்கொண்டே டிக்கெட் வாங்கினார்கள். நெல்லைநாயகத்துக்குக் காசு வாங்கிக் கை ஓய்ந்தது.

காந்திமதியம்மாள் வந்தார். தன் டிக்கெட்டை நீட்டினார். அதில் நூல் இல்லை. "அறுந்து எங்கேயோ விழுந்துவிட்டது" என்றார். சண்முகையா கையைப் பார்த்தார். கடிகார வாரின் அடியிலிருந்து மஞ்சளாக ஒரு நுனி எட்டிப்பார்த்தது. "டீச்சரம்மா, ஒங்க முடிச்சு பத்திரமாத்தான் இருக்கு" என்றார். வரிசை முழுக்கச் சிரித்தது. டீச்சரும் வேறு வழியில்லாமல் சிரித்துவிட்டார்.

கோமதித்தாய் மைதானத்துக்கு வெளியே, ஓலைத்தட்டிக்கு அந்தப் பக்கம், வேப்பமரத்தடியில் தனியாக உட்கார்ந்திருந்தாள். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள். காசு கொடுத்து வாங்கிய அவளுடைய டிக்கெட் மடியில் இருந்தது. உள்ளே மணி அடித்தது. கொஞ்சநேரம் மனசு கிடந்து வலித்தது. பிறகு கோமாளி ஏதோ சொன்னான். அவளுக்குக் காதில் விழவில்லை. ஆனால் அதற்கு நானூறு பெண்கள் ஒன்றாகச் சிரித்தது விழுந்தது. வீட்டில் மாமனார், கொழுந்தன் இருக்கிறார்கள் என்று வாயைப் பொத்திச் சிரிக்கிறவர்கள் அன்றைக்கு வாயைத் திறந்து சிரித்தார்கள். விக்கல் போல மேலே மேலே ஏறுகிற சிரிப்பு மீரா பீவியுடையது. கரண்டி விழுந்ததுபோல் ஒலித்தது சங்கரம்மாளுடையது. என்ன வேடிக்கை என்று தெரியாமலே கோமதித்தாயும் சேர்ந்து சிரித்தாள். கண் எரிந்தது, துடைக்கத் துடைக்கச் சிரித்தாள்.

நான்கு நாள் கழித்துக் கண் தெளிந்ததும் கமிட்டிக்கு வந்தாள். நெல்லைநாயகம் உற்சாகத்தில் இருந்தார். கடை நூல்காரர்கள் கொடுத்த பணத்தில் கதவும் கூரையும் வந்துவிடும். ஒரு டிக்கெட்டுக்குக்கூடப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை என்று பெருமையாகச் சொன்னார்.

கோமதித்தாய் மடியிலிருந்து டிக்கெட்டை எடுத்து மேஜையில் வைத்தாள். நூல் கட்டியபடியே இருந்தது. "எனக்குக் குடுங்க. நாடகம் நடந்துச்சு, நான் பாக்கல."

"வெளிய உக்காந்து கேட்டீங்கல்லாம்மா?" என்றார் அவர். "கேட்டதுக்குப் பாதி புடிச்சுக்கிடட்டா?"

"நான் பாக்கத்தான் டிக்கெட்டு எடுத்தேன்."

காந்திமதியம்மாள் சிரித்துக்கொண்டே, "கொடுத்துருங்க, இல்லேன்னா இங்கயே உக்காந்துருவாங்க" என்றார். நோட்டில் ஒரு வரி எழுதி, கையெழுத்து வாங்கி, இரண்டு ரூபாயைக் கொடுத்தார்கள். அந்த நாடகத்துக்குத் திருப்பிக் கொடுத்த பணம் அது ஒன்றுதான்.

பொங்கல் கழிந்து கக்கூஸ் திறந்தார்கள். சுவர் இருந்தது, கதவு இருந்தது, தண்ணீர்த் தொட்டி இருந்தது. மொள்ளுவதற்கு ஒன்றும் இல்லை. அதை யாரும் நினைக்கவில்லை. கோமதித்தாய் கூடையிலிருந்து ஒரு புது பிளாஸ்டிக் கப்பை எடுத்தாள். இரண்டு ரூபாய்க் கப்பு. யாரும் வீட்டுக்குக் கொண்டு போய்விடாமல் இருக்க, மஞ்சள் நூலை நாலு புரியாக முறுக்கி, தொட்டிக் குழாயோடு சேர்த்து இடக்கையால் ஒரு முடிச்சுப் போட்டாள்.

மறுநாள் காலையில் சண்முகையா கொட்டகைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். தங்கத்தாய் பையைத் தோளில் மாட்டியவள், வாசல்வரை போய்த் திரும்பி வந்தாள். பானையில் ஒரு செம்பு தண்ணீர் மொண்டு, அண்ணாந்து, மடக்கு மடக்கென்று குடித்தாள். கழுத்தில் வழிந்ததைத் துடைத்துக்கொண்டாள்.

தார் சுற்றிக்கொண்டிருந்த கோமதித்தாயின் கை நின்றது. சண்முகையாவும் செருப்பை மாட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொரு செம்பு குடிக்கியா பிள்ள?" என்று கேட்டார் அவர்.

தங்கத்தாய் செம்பை நீட்டினாள்.